இரண்டே சீட்டுள்ள கார்

மூன்றாவதாக ஒரு வண்டி வாங்கலாமா என்று நான் கேட்டபோது என் கணவர் களத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தார். பெரும்பாறையில் அவருக்குக் காப்பித் தோட்டம். கொடைக்கானலில் எனக்கு ஒரு பல் க்ளினிக். வார நாட்களில் நான் மேலே, அவர் கீழே. தோட்டத்துக்கு ஒரு ஜீப் இருந்தது, நான் ஏறி இறங்க ஒரு சின்னக் கார் இருந்தது.

"ரெண்டு வண்டி கெடக்கு. மூணாவது எந்தச் சோலிக்கு?" என்றார்.

"சோலிக்கு இல்லங்க. சும்மா ஓட்ட."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். ரேஸ் கார் மாதிரி இருக்குமே, ரெண்டே சீட்டு, கூரையைத் திறந்து மூடிக்கலாம். பழசாப் பாத்து ஒண்ணு வாங்கலாம்னு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிளறுகிற பலகையை ஊன்றிக்கொண்டு, "அதுல மூட்டை எங்கன வைக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டார்.

இந்த ஆசை எனக்குள் வந்தது ஒரு சீசன் சமயத்தில். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் கடைவாய்ப்பல் வலியோடு க்ளினிக் வாசலில் இறங்கினார். அவர் வந்த கார் என் சன்னல் வழியாகத் தெரியவே இல்லை. அவ்வளவு தாழ்வு. பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லி, மரத்த வாயோடு அவர் வெளியே போனபோது நானும் பின்னாலேயே போய்க் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவர் பேச முடியாமல் கையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்பதைவிட இறங்கினேன் என்று சொல்ல வேண்டும். கால் இரண்டும் நேராக முன்னால் நீண்டன. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் டயர் என் தோளுக்கு மேலே இருந்தது. கையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டால் தார் ரோட்டைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. வருடக்கணக்கில் நடந்து பழகிய அதே தெருவை அந்த உயரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. அந்த மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரொம்ப நேரம் ஆகியும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

எனக்கு இதில் ஒன்று விளங்கவில்லை. எங்கள் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க வேண்டும். முக்கால்வாசி நேரம் முன்னால் ஒரு கேரட் லாரி போகும். இப்படிப்பட்ட ஊரில் வேகத்துக்கென்று செய்த காரை ஓட்டுகிறவருக்கு அதிலிருந்து என்ன கிடைக்கிறது? என் வயது அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை நான் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவும் ஆசையாக இருந்தது.

க்ளினிக்கில் எனக்கு உதவியாக ஓர் அக்கா இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெற்றோரோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அவர் கணவர் பூண்டி கிராமத்தில் மலைப்பூண்டு போடுகிறார். வாரக் கடைசியில் அக்கா பஸ் பிடித்து ஊருக்குப் போவார். முன்பு ஏதோ ஒரு மகளிர் குழுவில் டிரைவிங் கற்றுக்கொடுத்தபோது போய்ச் சேர்ந்து லைசென்சும் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. "லைசென்ஸ் இருக்கு, வண்டிதான் இல்ல" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கணவரிடம் கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"வாங்கத்தான் வேணும்னு இல்லையே டாக்டரம்மா. ஒருக்கா போய்ப் பாத்துட்டு வருவோம். பாக்குறதுக்கு என்ன?" என்றார்.

அப்படித்தான் தேட ஆரம்பித்தோம்.

முதல் கார் கொடைக்கானலிலேயே இருந்தது. மளிகைக்கடைப் பலகையில் 'ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு' என்று கையால் எழுதிய அட்டை தொங்கியது. அதிலிருந்த முகவரி மேட்டுத் தெருவில் ஒரு பழைய விருந்தினர் விடுதி. அதை நடத்தியவர் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர். எங்களைப் பார்த்ததும் கைத்தடியைக்கூட எடுக்காமல் வெரசா ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

யூக்கலிப்டஸ் விறகுக் கட்டுகளுக்கு நடுவில், சிவப்பாக, மூக்கு நீண்டு, அழகாக இருந்தது கார். கதவைத் திறந்ததும் ஈர வாசனை. கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டில் காளான் முளைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். தகரம் அரித்துப்போன ஓட்டை வழியாகக் கீழே தரை தெரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா சார்?"

"பேட்டரி இல்லை" என்றார்.

"கடைசியா எப்போ ஓடுச்சு?"

"ஓடும், ஓடும். நல்லா ஓடும். மேடம், முதல்ல டீ சாப்பிடுங்க."

டீயும் இஞ்சி பிஸ்கட்டும் வந்தன. பம்பாயிலிருந்து இதை ஓட்டிக்கொண்டே வந்த கதையைச் சொன்னார். வழியில் மழை பிடித்துக்கொண்டதையும், கூரை மூட மறுத்ததையும், புது மனைவி குடையை விரித்துப் பிடித்தபடியே வந்ததையும் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் நான் விலையைக் கேட்டதும் பெரியவர் முகம் மாறிவிட்டது.

"உங்ககிட்ட ஷெட் இருக்கா?"

"இருக்கு சார்."

"மழைச்சாரல் அடிக்குமா?"

"அடிக்காது."

"எலி வருமா?"

எதற்குப் பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. கடைசியில், "இன்னொருத்தர் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்று எழுந்துவிட்டார்.

கேட் வரைக்கும் அவர் மனைவி கூட வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு சீசனுக்கும் இந்த அட்டையை மாட்டுவார். விக்கறதுக்கில்லை. யாராவது வந்து பாத்துட்டுப் போனா அன்னைக்கு ரெண்டு சப்பாத்தி கூடச் சாப்பிடுவார்."

இறக்கத்தில் நடக்கும்போது அக்கா சொன்னார்: "விக்காட்டி என்ன, கதைக்க ஆள் வேணும்ல அவருக்கு." எனக்குக் கோபம் வரவில்லை. ஓடாத காரை வைத்துக்கொண்டே அந்த மனிதர் இவ்வளவு தூரம் போய்வந்துகொண்டிருக்கிறார் என்பது என் ஆவலை இன்னும் கிளப்பிவிட்டது.

இரண்டாவது காரைப் பற்றிக் கேள்விப்பட்டது கணவர்தான். மிளகு வாங்கும் வியாபாரி அவரிடம் சொல்லியிருந்தார். பழனி அடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பம். மகன் ஒரு மஞ்சள் நிற ரேஸ் கார் வைத்திருக்கிறான், கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போகிறான் என்று. இந்த முறை கணவரும் வந்தார். மூன்று பேருமாக ஜீப்பில் வெள்ளனே கிளம்பிப் பழனிக்கு இறங்கினோம்.

லாட்ஜ் வாசலில் நின்ற காரின் மூக்கில் விபூதிப் பட்டை போட்டிருந்தது, நடுவில் சந்தனம், குங்குமம். இளைஞர் புதுசாக மொட்டை போட்ட தலையில் சந்தனத்தோடு வந்து எங்களைக் கும்பிட்டார். "பழனியில இந்த மாதிரி ஒண்ணுதாங்க இருக்கு. உக்காருங்கக்கா, ஒரு ரவுண்டு போவோம்."

நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அவர் சாவியைத் திருப்பியதும் எழுந்த சத்தத்தில் லாட்ஜ் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிரிவீதிப் பக்கம் திரும்பினோம். காவடிக் கூட்டம். முன்னால் ஒரு மேளம், பின்னால் ஒரு மேளம், நடுவில் நாங்கள். எங்களை ஒரு குதிரைவண்டி முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இளைஞரும் சிரித்தார். அவருக்கு எதிலும் வருத்தமே இல்லை.

நகராமல் நின்றிருந்த நேரத்தில் என் கை தானாகவே வைப்பர் சுவிட்சுக்குப் போனது. எனக்கு அந்த சுவிட்சைத் தெரியும். அதன் வழவழப்பும், திருகினால் வரும் 'டக்' சத்தமும் தெரியும். ஹாரன் மூடியும் தெரிந்ததுதான்.

திரும்பி வந்ததும் முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது என் சின்னக் காரில் இருக்கும் அதே இன்ஜின்.

"ஆமாங்கக்கா" என்றார் இளைஞர், கொஞ்சமும் மறைக்காமல். "மேல மட்டும் ஃபைபர். கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில செஞ்சது. உள்ள ஃபேமிலி கார்தான். எங்க நின்னாலும் ஸ்பேர் கெடைக்கும்ல?"

என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஜீப்பில் ஏறியதிலிருந்து அதே பேச்சு. "நல்ல ரோசனைதானம்மா? மெக்கானிக்கும் இருக்கான், ஸ்பேரும் இருக்கு. பாக்க ரேஸ் காராட்டம் இருக்கு. வேற என்ன வேணும்?"

"நான் தெனமும் ஓட்டுற காருக்கே வேற சட்டை மாட்டி ஓட்டவாங்க?"

"சரி, அப்போ உனக்கு என்னதான் வேணும்? அதைச் சொல்லு."

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. பழனியிலிருந்து மேலே ஏறும் அந்த நீண்ட பாதை முழுக்க யோசித்தேன். வேகமா? எனக்கு வேகம் பயம். நாலு பேர் பார்க்க வேண்டுமா? அன்று கிரிவீதியில் ஊரே பார்த்தது, எனக்குக் கூச்சம்தான் வந்தது. பின் இருக்கையில் அக்கா தூங்கிவிட்டிருந்தார்.

மூன்றாவது கார் கிடைக்க மாதங்கள் ஆயின. வத்தலக்குண்டில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வரும்போது தன் காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். கரும்பச்சை நிறம், சின்ன ஜப்பான் கார், துணிக் கூரை. இடுப்பில் ஆபரேஷன் நடந்த பிறகு அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து எழ முடியவில்லை என்பதால் விற்கிறார்.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தானாகவே குறைகளைச் சொன்னார். "மழை பேஞ்சா இடது பக்கம் ஒழுகும். குளிர்ல ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். வேகத்தடையில அடிவயிறு உரசும். இதுக்கு மேல ஏதாவது இருந்தா எனக்கே தெரியாது. ஓட்டிப் பாருங்க, நான் பக்கத்துல உக்காருறேன்."

கதவைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கூரையைப் பின்னால் மடித்தோம். புளியமரங்களுக்கு நடுவே மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் விட்டேன்.

முதல் வளைவு வந்தது. ஜீப்பை வளைக்க வேண்டுமென்றால் தோளிலிருந்து பலம் வேண்டும். சின்னக் கார் திரும்பும், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து, முனகிக்கொண்டு திரும்பும். இது நான் நினைத்த நேரத்திலேயே திரும்பி முடித்திருந்தது. ரோட்டிலிருந்த ஒவ்வொரு சின்ன மேடும் என் முதுகுக்குத் தெரிந்தது. புளியம்பூ வாசனை, யாரோ சருகு எரிக்கிற புகை, வாய்க்கால் பக்கத்துக் குளிர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் வந்து பட்டன. தொண்ணூறில் போகிறேன் என்று நினைத்து முள்ளைப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் இருந்தது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் சிரித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் ரோட்டில் இந்தக் காரால் வேகமாகப் போக முடியாது. ஆனால் மெதுவாகப் போகும்போதே வேகம் உடம்புக்குத் தெரிகிறது. ஜீப்பில் அறுபதில் போனாலும் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தப் புளியமர ரோட்டில் எனக்குப் பதில் கிடைத்தது.

அடுத்த வாரம் கணவரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல உயரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வர முடியவில்லை. முழங்கால் ஸ்டீரிங்கில் மாட்டிக்கொண்டது, தலை கண்ணாடிக்கு மேலே நின்றது. நான் ஒரு கையையும் அக்கா ஒரு கையையும் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தோம். அவர் தோப்புச் சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இது உன் வண்டிதாம்மா" என்றார். "எடுத்துக்க. நான் ஜீப்புலயே பின்னால வாரேன்."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை முடிந்து வண்டி கைக்கு வந்த நாளில் அக்காவும் நானும் அதை மேலே கொண்டுவந்தோம். பெரும்பாறையில் மதியச் சாப்பாடு. தோட்டத்துப் பெண்கள் காப்பிக் கூடையோடு வந்து சுற்றி நின்றார்கள். "கூரையை இனிமேத்தான் போடுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். போட்டுக் காட்டினேன். மறுபடி எடுத்துக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார்கள். அதையும் செய்தேன்.

தாண்டிக்குடி தாண்டி, பண்ணைக்காடும் தாண்டிய பிறகு மஞ்சு புகைபோல இறங்க ஆரம்பித்தது. கூரையை மூடலாமா என்று யோசித்தபடி ஒரு வளைவில் திரும்பினேன். ரோட்டின் நடுவில் ஒரு காட்டுமாடு நின்றது.

ஜீப்பிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜீப்பிலிருந்து பார்த்தால் அதன் முதுகு தெரியும், கொம்பு தெரியும். இங்கே என் கண்ணுக்கு நேராக இருந்தது அதன் முழங்கால். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்குமே, அந்த வெள்ளையில் ஒட்டியிருந்த செம்மண்கூடத் தெரிந்தது. அதற்கு மேலே கறுப்பாக, சுவர் மாதிரி, உடம்பு.

"அணைங்க" என்றார் அக்கா, உதட்டை அசைக்காமல். "ஹாரன் வேணாம். அசையாதீங்க."

இன்ஜினை அணைத்தேன். அது எங்களைப் பார்த்தது. பிறகு நடந்து வந்தது. என் பக்கமாக வந்து தலையைத் தாழ்த்திக் கண்ணாடியின் ஓரத்தை முகர்ந்தது. மூச்சு என் கைமேல் சூடாகப் பட்டது. அக்கா என் இடது கையை எப்போது பிடித்தார் என்று தெரியாது. பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு நடுவிலேயே, அதன் கண்ணிமை முடி இவ்வளவு நீளமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் எச்சில் கோடு ஒன்றை விட்டுவிட்டு அது சரிவில் இறங்கிக் காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டது.

அக்கா மெல்ல என் கையை விட்டார். பிறகு கேட்டார்: "இதுக்குத்தான் கூரை இல்லாம செய்யுறாங்களோ?" அதற்கப்புறம் எங்களால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

அந்தக் கார் சில வருடங்கள் எங்களோடு இருந்தது. சொல்லி வைத்த மாதிரி இடது பக்கம் ஒழுகியது. பல் அச்சு எடுக்கிற மெழுகை உருக்கி இடுக்கில் அடைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது. வேகத்தடைகளில் குறுக்கே சாய்த்து ஏறப் பழகிக்கொண்டேன். பனிக்காலத்துக் காலைகளில் இரண்டாவது கியர் விழும்வரை ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கவா டாக்டரம்மா?"

ஏரியைச் சுற்றிய ரோட்டில் சவாரிக் குதிரைகள் வருவதற்கு முன்பே போனோம். இரண்டு தடவை வண்டி குலுங்கி நின்றது. மூன்றாவது தடவை கிளம்பிவிட்டது. அந்தக் காரின் இடது சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. ஏரித் தண்ணீர் என் தோளுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தது. அக்கா நுனி நாக்கைக் கடித்துக்கொண்டு, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். பல வாரங்கள் அப்படிச் சுற்றினோம். பிறகு அவர் சொன்னார், பூண்டிக்குப் போக வேண்டும், வீட்டுக்காரரை உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்று.

போனோம். அவர் கணவர் பூண்டு வயலிலிருந்து காலெல்லாம் சேறாக வந்தார். காலைக் கழுவாமல் ஏற மாட்டேன் என்று நின்றார். கழுவி, மப்ளரைச் சுற்றி, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பக்கத்து ஊரு கிளாவரை வரைக்கும் போய்ட்டு வந்துருறோம்" என்றார் அக்கா. இரண்டே சீட்டு. நான் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பூண்டின் காய்ந்த மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

போனவர்கள் வரவில்லை. டீ குடித்தோம். மறுபடியும் டீ குடித்தோம். நான் எழுந்து ரோட்டோரம் போய் நின்றபோது வளைவில் கார் தெரிந்தது. அக்காவின் முகம் சிவந்திருந்தது. அவர் கணவருக்கு வேர்த்திருந்தது.

இறங்கியதும் அவர் என்னிடம் வந்து, பணிவாக, ஆனால் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "டாக்டரம்மா, இது பின்னால எப்படிங்க போகும்?"

கிளாவரையோடு ரோடு முடிந்துவிடுகிறது. ரிவர்ஸ் கியர் போட வேண்டுமானால் அந்தக் காரில் கியர்க் கம்பியைக் கீழே ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத் தள்ள வேண்டும். ஏரியைச் சுற்றும்போது அதற்குத் தேவையே வரவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து காரைக் கையால் தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

"லேசாத்தான் இருக்கு" என்றார் அவர். "பூண்டு மூட்டை தூக்குற கைதானே."

அக்காவை உட்காரச் சொல்லி, கம்பியை அமுக்கிக் காட்டினேன். கார் பின்னால் நகர்ந்தது. அவர் கணவர் விடவில்லை, மறுபடி ஏறிக்கொண்டார். சீட்டில் முட்டி போட்டு, பின்னால் திரும்பி, மப்ளர் காற்றில் பறக்க, "வா, வா, வரட்டும், ஒடி, ஒடி, நேரா வா" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னத் தெருவில் இருட்டுகிற வரைக்கும் அக்கா காரைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.